நம்ம பிள்ளைங்க படிக்கப்போறதில்ல, அப்புறம் எதுக்கு பழைய காலேஜுக்கு காசும் லீவு நாளும் குடுக்கறோம்?

பாலக்கோடு பாசஞ்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் 2001லருந்து 2004 வரைக்கும் தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில பி.எஸ்சி கணக்கு படிச்சேன். இப்போ ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனியில குவாலிட்டி செக்ஷன், குடும்பமும் ஓசூர்லயே. நாங்க கடைசி வருசம் படிக்கும்போது தான் பிப்ரவரி மாசம் கிருஷ்ணகிரிய தனி மாவட்டமா பிரிச்சாங்க, ஒரே பெஞ்சுல உக்காந்தவங்க ரெண்டு மாவட்டத்துக்காரங்க ஆயிட்டோம். வாட்ஸப் குரூப் மட்டும் இன்னும் ஒண்ணு தான்.

அந்த குரூப்புல ஒருத்தன் ஆரம்பிச்சு வெச்சது, முதல் வருசம் சேர்ற பசங்களுக்கு கணக்கு அடிப்படை சொல்லித் தர்றது. தமிழ் மீடியத்துல பிளஸ் டூ முடிச்சுட்டு வந்து திடீர்னு புக்கெல்லாம் இங்கிலீஷ்ல இருந்தா பசங்க முதல் செமஸ்டர்லயே ரெண்டு பேப்பர் விட்டுடறாங்க, எனக்கும் அதே தான் ஆச்சு. அதனால மாசத்துல ரெண்டு சனிக்கிழமை விடிகாலைல கிளம்பி ராயக்கோட்டை, பாலக்கோடு வழியா பஸ்ல போயிட்டு ராத்திரி தான் திரும்பறேன். புக்கு வாங்க வருசத்துக்கு 3000 தனியா.

போன வாரம் வீட்டுல கேட்டாங்க, சண்டையா எல்லாம் இல்ல, நிதானமா தான் கேட்டாங்க: "நம்ம பையன் அங்க படிக்கப் போறானா? இல்ல. உங்களுக்கு அங்க ஏதாவது ஆகணுமா? அதுவும் இல்ல. அப்புறம் எதுக்கு அவனோட இருக்க வேண்டிய சனிக்கிழமைய அங்க குடுக்கறீங்க?"

எனக்கு பதில் வரல. நன்றிக்கடன்னு சொன்னேன், அது எனக்கே மேடைப்பேச்சு மாதிரி இருந்துச்சு. நந்தன் நிலேகனி 2023ல ஐஐடி பாம்பேக்கு 315 கோடி குடுத்தாரு, அங்க சேர்ந்து 50 வருசம் ஆனதுக்காகன்னு படிச்சேன். அந்த மாதிரி ஆளுங்க கணக்கு வேற. நம்மள மாதிரி மாசச் சம்பளக்காரங்க ஏன் குடுக்கறோம்? குடுக்கறவங்க, குடுக்காதவங்க ரெண்டு பேருமே சொல்லுங்க. நெஜமாவே தெரிஞ்சுக்கணும்.

---

ரிட்டயர்டு வாத்தியார், காரிமங்கலம்:

தம்பி, நானும் அதே காலேஜ் தான், உங்களுக்கு ரொம்ப முன்னாடி. அப்பல்லாம் பியூசி இருந்த காலம், மெட்ராஸ் யுனிவர்சிட்டி கீழ இருந்தோம், சேலத்துல பெரியார் பல்கலைக்கழகம் வந்ததே 1997ல தானே. தர்மபுரி தனி மாவட்டம் ஆன 1965லயே காலேஜும் வந்துச்சு, அது மட்டும் வரலன்னா எங்க தெருவுல ஒருத்தனும் டிகிரி வாங்கியிருக்க மாட்டான், சேலத்துக்குப் போய் ரூம் எடுத்து படிக்கறதெல்லாம் எங்க வீட்டுல பேச்சே எடுக்க முடியாது.

என் கதைய சொல்றேன். கடைசி வருசம் பரீட்சை ஃபீஸ் கட்ட வழியில்ல. அந்த வருசம் மழையே இல்ல, கேழ்வரகு காஞ்சு போச்சு, அப்பா மாட்ட வித்துட்டாரு. நான் யார்கிட்டயும் சொல்லல, ஆனா எங்க வரலாறு சார் ஆபீஸ்ல கட்டாதவங்க லிஸ்ட்ட பார்த்துட்டு கட்டிட்டாரு. எனக்கு சொல்லக்கூட இல்ல, ஹால் டிக்கெட் வந்தப்புறம் கிளார்க் சொல்லித் தான் தெரியும். எனக்கு வேலை கிடைச்சு நாலஞ்சு வருசம் கழிச்சு அந்தப் பணத்த எடுத்துக்கிட்டு சார் வீட்டுக்குப் போனேன். அவருக்கு என்ன அடையாளமே தெரியல. ஃபீஸ் கட்டினதும் ஞாபகம் இல்ல. "நான் உனக்கா கட்டினேன்? இருக்கும்பா"ன்னாரு. அவ்ளோ பேருக்கு கட்டியிருக்காரு. பணத்த கையில வெச்சுக்கிட்டு அவரு வீட்டுத் திண்ணையில உக்காந்திருந்தேன் பாருங்க, அந்த நிமிசம் இன்னும் போகல. வாங்கிட்டாருன்னா என் கணக்கு முடிஞ்சிருக்கும். முடியவே இல்ல.

அன்னைலருந்து இன்னைக்கு வரைக்கும் நான் பண்றது ஒண்ணே ஒண்ணு, அரியர் ஃபீஸ் கட்டறது. இத கொஞ்சம் விவரமா சொல்றேன், யாரும் யோசிக்காத விசயம். அரசு கலைக் கல்லூரியில டியூஷன் ஃபீஸ் கிடையாது, அரசுப் பள்ளியில படிச்சு வந்த பொண்ணுங்களுக்கு 2022லருந்து புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000, அதே மாதிரி பசங்களுக்கு 2024லருந்து தமிழ்ப்புதல்வன்ல 1000, ஸ்காலர்ஷிப்பும் உண்டு. ஆனா அரியர் வெச்சவனுக்கு யார் கட்டுவா? வீட்டுல கேக்க பயப்படுவான், "ஃபெயில் ஆனதுக்கு காசு வேறயா"ன்னு வரும். ஒரு செமஸ்டர் கட்டாம விட்டா அடுத்த செமஸ்டர்ல ரெண்டா சேரும், அப்புறம் பெங்களூர்ல சென்ட்ரிங் வேலைக்குப் போயிடுவான், டிகிரி அங்கயே நின்னுடும். மூணு வருசம் படிச்சுட்டு சில நூறு ரூபாயில டிகிரி இல்லாமப் போனவங்கள நான் நிறைய பார்த்துட்டேன், அத நினைச்சா வயிறு எரியும்.

உங்க வீட்டம்மாவுக்கு இத சொல்லுங்க: வாங்கின இடத்துல திருப்பிக் குடுக்க முடியாத கடன் ஒண்ணு இருக்கு, அத வேற ஒருத்தன்கிட்ட தான் குடுக்க முடியும்.

---

கிருஷ்ணகிரி ரேவா:

அண்ணா, நான் கிருஷ்ணகிரி அரசு மகளிர் கலைக் கல்லூரி, பி.ஏ தமிழ். எங்க வீட்டுல பேசறது தெலுங்கு. தெலுங்கு வீட்டுப் பொண்ணு ஏன் தமிழ் எடுத்தன்னு சொந்தக்காரங்க எல்லாம் கேட்டாங்க, கிடைச்ச சீட்டு அது, அவ்ளோ தான், ஆனா படிக்கப் படிக்க உயிராயிடுச்சு.

எனக்கு ரெண்டு வருசம் முன்னாடி படிச்ச ஒரு அக்கா குரூப் 4ல பாஸாயி தாலுகா ஆபீஸ்ல வேலையில இருந்தாங்க. ஒரு நாள் காலேஜுக்கு ஏதோ சர்டிஃபிகேட் வாங்க வந்தவங்க எங்க கிளாஸுக்குள்ள எட்டிப் பார்த்து "யாரெல்லாம் டிஎன்பிஎஸ்சி எழுதப் போறீங்க"ன்னு கேட்டாங்க. ஒருத்தரும் கை தூக்கல. எழுத மாட்டோம்னு இல்லைங்க, எப்படி எழுதறதுன்னே தெரியாது. அந்த 150 ரூபாய் நிரந்தரப் பதிவு அஞ்சு வருசத்துக்குன்னு, கம்ப்யூட்டர் சென்டர்காரன் சொல்ற காச குடுக்க வேணாம்னு, நம்ம போன்லயே பண்ணலாம்னு அவங்க தான் காட்டினாங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமைல அவங்க வீட்டு வாசல்ல பாய் போட்டு நாலு பேருக்கு சொல்லிக் குடுத்தாங்க. நாலு பேர்ல மூணு பேர் இப்போ வேலையில இருக்கோம்.

இப்போ நான் அதே வேலைய பண்றேன். குரூப் 4ல 200 கேள்வி, அதுல 100 தமிழ், தமிழ்ல 40 சதவீதம் எடுக்கலன்னா மீதிய திருத்தவே மாட்டாங்க. நம்ம மாவட்டத்துல வீட்டுல தெலுங்கு, கன்னடம், உருது பேசற பிள்ளைங்க எவ்ளோ பேர்! தேன்கனிக்கோட்டை பக்கத்துலருந்து வர்ற பொண்ணுங்க தமிழ் பேப்பர்னாலே பயந்துடறாங்க. கணக்கு, பொது அறிவுல நல்லா இருப்பாங்க, வல்லினம் மிகும் இடம் வந்தா கண்ணுல தண்ணி. அவங்க எங்க தடுக்கி விழுவாங்கன்னு எனக்குத் தெரியும், ஏன்னா நானும் அதே இடத்துல தான் விழுந்தேன். கோச்சிங் சென்டர்ல காசு குடுத்தாலும் இது கிடைக்காது. எங்க வீட்டுக்காரரும் உங்க வீட்டுல கேட்டத தான் கேட்டாரு, ஒரு நாள் கிளாஸுக்கு கூட்டிட்டுப் போனேன், பின்னாடி உக்காந்து பார்த்தாரு, அதுலருந்து கேக்கறதில்ல.

இன்னொண்ணு மனசுல இருக்கறத சொல்லிடறேன். மகளிர் காலேஜ்ல முன்னாள் மாணவிகள ஒண்ணு சேர்க்கறதே பெரிய பாடு. கல்யாணம் ஆனா ஊரு மாறும், இனிஷியல் மாறும், போன் நம்பர் மாறும். எங்க பேட்ச்ல பாதிப் பேரு எங்க இருக்காங்கன்னே தெரியல. இருக்கறவங்களுக்கும் 2000 ரூபாய் குடுக்கணும்னா வீட்டுல கேக்கணும், சம்பளம் வாங்கறவங்களே கேக்கணும். அதனால பொண்ணுங்க நேரத்த தான் குடுக்கறாங்க. கூட்டத்துல ரசீது வாங்கினவங்க பேர மட்டும் வாசிக்கறாங்க, வருசம் பூரா கிளாஸ் எடுத்தவங்க பேரு வர்றதே இல்ல.

---

ஊத்தங்கரை 2012:

நான் குடுக்கறதில்ல. ஏன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

நான் படிச்சது ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ், பேரு வேணாம். டிசி வாங்கும்போதே முன்னாள் மாணவர் சங்கத்துக்குன்னு கட்டாயமா காசு புடிச்சாங்க, அதுக்கப்புறம் எட்டு வருசம் ஒரு கூட்டம் இல்ல, ஒரு தகவல் இல்ல. திடீர்னு ஒரு நாள் போன், காலேஜுக்கு தரம் போடற நாக் கமிட்டி வருது, வந்து உக்காருங்க, காலேஜ் பத்தி நல்லதா சொல்லுங்கன்னு. அப்புறம் தான் தெரிஞ்சுது, நாக் மதிப்பீட்டுல முன்னாள் மாணவர் பங்களிப்புக்குன்னு தனியா மார்க் இருக்குன்னு, சங்கம் பதிவு பண்ணியிருக்கணும்னு. சரி, மார்க்குக்காக கூப்பிட்டாங்க, அத கூட மன்னிச்சுடலாம். நான் படிப்புக்கு எடுத்த கல்விக் கடன இன்னும் கட்டிட்டிருக்கேன். எங்கப்பா மாந்தோப்ப குத்தகைக்கு விட்டு வட்டி கட்டினாரு. அந்த காலேஜுக்கு நான் காசு குடுத்து தான் படிச்சேன், வாங்கினதுக்கு விலை குடுத்தாச்சு. இன்னும் என்ன கடன்?

---

பொருளாதாரம் பாடம் எடுப்பவர்:

ஊத்தங்கரை தம்பி சொன்னதுல தப்பே இல்ல, அவரு மட்டும் இப்படி நினைக்கலைங்க. அமெரிக்காவுல ஜொனாதன் மீர், ஹார்வி ரோசன்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு யுனிவர்சிட்டியோட பழைய மாணவர் நன்கொடை கணக்க பல வருசத்துக்கு எடுத்து பார்த்தாங்க. கடன் வாங்கி படிச்சவங்க பின்னாடி நன்கொடை குடுக்கறது குறைவா இருந்துச்சு. படிப்ப கடனா தலையில கட்டிவிட்டா, வெளிய வந்தவங்க அத கடையில வாங்கின பொருளா தான் பார்ப்பாங்க.

அவங்களோட 2009 கட்டுரை ஒண்ணு தான் பாசஞ்சர் சார் வீட்டுல கேட்ட கேள்விக்கு நேரா பொருந்துது. பிள்ளைங்க காலேஜ் வயச நெருங்க நெருங்க பெற்றோர் அவங்க பழைய யுனிவர்சிட்டிக்கு குடுக்கறது கூடுது, அட்மிஷன் முடிவு வந்ததும் குறையுது, சீட்டு கிடைக்கலன்னா நல்லாவே குறையுது. அதாவது அங்க ஒரு பங்கு நன்கொடை, பிள்ளைக்கு சீட்டு கிடைக்கும்ங்கற எதிர்பார்ப்புல போகுது.

இப்போ நம்ம அரசு கலைக் கல்லூரிய பாருங்க. சேர்க்கை மார்க் வெச்சு, ரேங்க் லிஸ்ட், இடஒதுக்கீடு, கவுன்சிலிங். பழைய மாணவன் லட்ச ரூபாய் குடுத்தாலும் அவன் பிள்ளைக்கு ஒரு ரேங்க் கூட முன்னாடி நகராது. அப்படி இருந்தும் இங்க வந்து குடுக்கறவங்க இருக்காங்க. உங்க வீட்டுல கேட்ட "நம்ம பையன் அங்க படிக்கப் போறானா"ங்கற கேள்வி இருக்கே, அவன் படிக்கப் போறதில்லங்கறதால தான் நீங்க குடுக்கறதுக்கு நான் அவ்ளோ மதிப்பு குடுக்கறேன்.

யார் கேக்கறாங்கங்கறதும் முக்கியம். ஒரே ரூம்ல தங்கின பழைய தோழன் கேட்டா குடுக்க வாய்ப்பு கூடுதுன்னு மீரே தனியா இன்னொரு கட்டுரையில காட்டியிருக்காரு. உங்க குரூப்புல பெஞ்ச் மேட் கேட்டாரு, போனீங்க. பிரின்சிபால் கையெழுத்து போட்ட லெட்டர் வந்திருந்தா போயிருப்பீங்களா?

---

பர்கூர் பொருளாளர்:

நான் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி, 1994ல ஆரம்பிச்ச காலேஜ். எங்க பேட்ச் குரூப்புக்கு நான் தான் கணக்கு பார்க்கறேன், அதனால காசு விசயம் மட்டும் சுருக்கமா. ஊத்தங்கரை தம்பிக்கு நடந்தது மாதிரி நடக்காம இருக்கணும்னா சங்கத்த 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிவு பண்ணி, ரெண்டு பேர் கையெழுத்து போட்டா தான் பணம் எடுக்க முடியற மாதிரி பேங்க் கணக்கு வெச்சு, ஒவ்வொரு பில்லையும் குரூப்புல போட்டோ எடுத்து போடுங்க. 80ஜி பதிவு இருந்தா தான் வரிவிலக்கு கிடைக்கும், அதுவும் பழைய வரி முறையில இருக்கறவங்களுக்கு மட்டும், 2000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா அதுவும் கிடையாது. வெளிநாட்டுல இருக்கற பசங்க இந்திய பாஸ்போர்ட்ல இருந்தா அவங்க சம்பாத்தியத்த பேங்க் வழியா அனுப்பலாம், அந்த நாட்டு குடியுரிமை வாங்கிட்டாங்கன்னா எஃப்சிஆர்ஏ சட்டத்துல வெளிநாட்டுப் பணம் ஆயிடும், அனுமதி இல்லாத சங்கம் தொடவே கூடாது. நல்ல மனசோட அனுப்பின பணம் வம்புல போய் முடியக்கூடாது.

பொதுவா நிதின்னு கேட்டா எங்க பேட்ச்ல யாரும் குடுக்க மாட்டாங்க. லேப்ல இந்த மெசின், இவ்ளோ விலை, இது கொட்டேஷன்னு போட்டா ஒரே ராத்திரியில சேருது.

---

பாலக்கோடு பாசஞ்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வீட்டுல இத படிச்சுக் காட்டினேன். ஐயாவோட வரலாறு சார் கதைக்கு அவங்க ஒண்ணும் சொல்லல, ஆனா ரேவா அக்கா எழுதினத ரெண்டு தடவ வாங்கிப் படிச்சாங்க. அவங்களும் டிகிரி முடிச்சவங்க தான், அவங்க காலேஜ் குரூப்புல அவங்க நம்பரே இல்லன்னு அப்போ தான் சொன்னாங்க. பதினாலு வருசமா எனக்குத் தெரியாது.

ஊத்தங்கரை தம்பி, உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. எனக்கு அங்க யாரும் பில்லு போடல, அதனால தான் எனக்கு கடன் இருக்கு, உங்களுக்கு இல்ல.

வாத்தியார் ஐயா, ஒரு விசயம் கேக்கணும். அரியர் ஃபீஸ் எங்க பேட்ச்லயும் பண்ணலாம்னு குரூப்புல பேசினோம், எட்டு பேர் சரின்னுட்டாங்க. கட்டாதவங்க லிஸ்ட்ட யாருகிட்ட கேக்கறது? ஆபீஸ்லயா?

---

ரிட்டயர்டு வாத்தியார், காரிமங்கலம்:

ஆபீஸ்ல வேணாம் தம்பி. துறைத் தலைவர்கிட்ட போங்க, கடைசி தேதிக்கு பத்து நாள் முன்னாடி போங்க. எத்தனை பேரு, எவ்ளோ தொகைன்னு மட்டும் கேளுங்க, பேரு கேக்காதீங்க. கட்டின ரசீத அவரே பசங்ககிட்ட குடுக்கட்டும். குரூப்புல போட்டோ போடற பழக்கம் இருந்தா ரசீதுல பேர மறைச்சுட்டு போடுங்க. அந்தப் பையனோட மாமா யாராவது உங்க குரூப்புலயே இருப்பாரு.