கோடையில் பெரிய ப்ளூகில் எங்கே போய்விடுகிறது?

மின்னசோட்டாவில் தூண்டில் போடும் நண்பர்களே, ஓர் உதவி வேண்டும்.

ஜூன் தொடக்கத்தில் மினிடோங்கா ஏரிக் கரையோரம், இரண்டடித் தண்ணீரிலேயே ப்ளூகில் என்ற நன்னீர் மீன் கூடு கட்டியிருந்தது. மணலில் தட்டுத் தட்டாகக் குழிகள், ஒவ்வொன்றின் மேலும் காவலுக்கு ஓர் ஆண் மீன். தூண்டிலில் சிக்கியவற்றை உடனே விட்டுவிட்டோம். காவல் போனால் முட்டைகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.

இப்போது ஜூலை இறுதி. அதே இடத்தில் விரல் நீளக் குஞ்சுகள்தான் இருக்கின்றன. தக்கை இரண்டு முறை நடுங்கும், பிறகு அசையாது. இழுத்துப் பார்த்தால் முள்ளில் மண்புழுவின் தோல் மட்டும் ஒட்டியிருக்கும். என் எட்டு வயது மகள் ஒவ்வொரு முறையும் பொறுமையாகப் புதுப் புழு கோக்கிறாள். அவள் கைக்கு ஒரு நல்ல மீனாவது கிடைக்க வேண்டும் என்று மனம் தவிக்கிறது.

வெயில் ஏறினால் பெரியவை நீர்ச்செடிகளின் ஆழமான விளிம்புக்கு, பத்துப் பதினைந்து அடிக்கு, இறங்கிவிடும் என்று தெரியும். ஆனால் எங்களிடம் படகு இல்லை. படகுத்துறைப் பலகையிலிருந்தே அந்த ஆழத்தை எட்ட, தூண்டில் நரம்பில் நழுவும் தக்கை போதுமா? இப்போது 6ஆம் எண் முள் போடுகிறேன். ப்ளூகில்லுக்கு வாய் மிகச் சிறியது, அதைவிடச் சிறிய 10ஆம் எண்ணுக்கு மாறலாமா? புழுவை முழுதாகக் கோப்பதா, துண்டாகவா? விடியற்காலை நல்லதா, அந்தி நேரமா?

கரையிலிருந்தே பிடித்துப் பழகியவர்கள் சொன்னால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன். சனிக்கிழமை மறுபடி போகிறோம்.