சனிக்கிழமை நைட் எந்தப் படம்?

தீபா: எல்லாருக்கும் ஒரு கேள்வி. சனிக்கிழமை நைட் அவங்கவங்க வீட்ல இருந்தே ஒரே நேரத்துல ஒரே படத்தைப் பார்க்கலாம்னு பேசினோம்ல. காமெடியா பேயா? சீக்கிரம் சொல்லுங்க

அருண் அண்ணா: ரெண்டும் சேர்ந்து வேணும்னா அரண்மனைதான். நாலு பார்ட் இருக்கு, எதைப் போட்டாலும் ஓகே

அத்தை: பேய் படம்னா என்னை விட்டுடுங்கப்பா. பார்த்துட்டு ராத்திரி தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்க மாட்டேன்

பெரியப்பா: மீனா என்ன சொல்றா? அவதான் எல்லாப் படத்தையும் பார்த்து வச்சிருக்கா

மீனா சித்தி: இதோ வந்துட்டேன் மாமா. அருண், அரண்மனை வேண்டாம்டா. முதல் பார்ட் 2014ல வந்தப்ப நானும் ரசிச்சுதான் பார்த்தேன், இல்லைன்னு சொல்லல. ஆனா அப்புறம் 2016, 2021, 2024ன்னு வந்ததெல்லாம் பார்த்தா ஒரு பெரிய பங்களா, அதுல ஒரு கும்பல், ஒரு ஃப்ளாஷ்பேக், கடைசியில சாமி பாட்டுன்னு அதே அச்சுதான். அதுகூட பரவாயில்ல. அதுல யாருமே நெஜமா பயப்படலடா. பேயைப் பார்த்து கத்துறாங்க, ஓடுறாங்க, ஆனா அடுத்த நிமிஷம் நின்னு பஞ்ச் டயலாக் பேசுறாங்க. படத்துல இருக்கிறவனுக்கே பயம் இல்லைன்னா எனக்கு எப்படி வரும்? சிரிப்பும் வராது

அருண் அண்ணா: சித்தி சின்னப் பசங்களோட உட்கார்ந்து பார்க்க அதுதான் நல்லாருக்கு. எங்க வீட்ல எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சோம்

மீனா சித்தி: சிரிச்சிருப்பீங்க, அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா காதலிக்க நேரமில்லைல பாலையா பயப்படுறதைப் பார்த்துட்டு இதைப் பாரு, வித்தியாசம் தெரியும்

பெரியப்பா: ஆஹா. அந்தப் படம் 1964. ஸ்ரீதர் டைரக்‌ஷன். கலர்ல வந்த படம்

மீனா சித்தி: ஆமா மாமா. அதுல நாகேஷ் தன் அப்பாவா வர்ற பாலையாகிட்ட பேய்க்கதை சொல்ற சீன் இருக்கே, என்னைக் கேட்டா தமிழ்ல வந்த பெஸ்ட் ஹாரர் காமெடி அந்த சில நிமிஷம்தான். ஒரு பேயைக்கூட காட்ட மாட்டாங்க. இருட்டு இல்ல, பங்களா இல்ல, நல்ல வெளிச்சத்துல ரெண்டே பேர். நாகேஷ் வாயாலயே கதவு திறக்குற சத்தம் போடுவாரு, காத்து அடிக்கிற சத்தம் போடுவாரு. ஆனா நீங்க நாகேஷைப் பார்க்காதீங்க, பாலையா முகத்தை மட்டும் பாருங்க. முதல்ல உதவாக்கரைப் பையன் ஏதோ உளறுறான்னுதான் கேட்க ஆரம்பிப்பாரு. கொஞ்சம் கொஞ்சமா கண்ணு பெருசாகும், உடம்பு ஒடுங்கும், வாய் ஒரு பக்கமா இழுத்துக்கும். அந்த மனுஷன் நம்மள சிரிக்க வைக்கணும்னு ஒண்ணுமே பண்ணல, நெஜமாவே பயப்படுறாரு. அதனாலதான் நமக்கு வயிறு வலிக்குது. நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு கணக்கே இல்ல, இப்பக்கூட டைப் பண்ணும்போது சிரிப்பு வருது

அத்தை: அந்த சீன் எனக்கும் ரொம்பப் பிடிக்கும் மீனா. அதுல பயமே வராதே

மீனா சித்தி: அண்ணி, உங்களுக்கு வராது, பாலையாவுக்கு வருதுல்ல, அதான் வேணும்

தீபா: அப்போ சந்திரமுகி? வடிவேலு பயப்படுவாரே

மீனா சித்தி: வடிவேலு அதுல பிரமாதம் தீபா. ரஜினி பின்னாடியே ஒட்டிக்கிட்டு அந்த அறைக்குள்ள போறப்ப அவர் காலைக் கவனிச்சிருக்கியா, உடம்பு முன்னாடி போகும், கால் பின்னாடி போகும். 2005ல தியேட்டர்ல பார்த்தப்ப எங்க வரிசையில ஒரு குழந்தை பயந்து அழுதுது, அந்தக் குழந்தையோட அம்மா வடிவேலுவைப் பார்த்து சிரிச்சுக்கிட்டே தட்டிக்கொடுத்தாங்க. ஒரே சீன், ஒரு மடியில அழுகை, இன்னொரு முகத்துல சிரிப்பு. அதை மறக்கவே முடியல

அருண் அண்ணா: அதோட ஒரிஜினல் மலையாளம்தானே

மீனா சித்தி: மணிச்சித்திரத்தாழ், 1993, ஃபாசில். ஷோபனாவுக்கு அதுக்காக தேசிய விருது கிடைச்சுது. பி.வாசு முதல்ல கன்னடத்துல ஆப்தமித்ரான்னு எடுத்தாரு, அடுத்த வருஷம் தமிழ்ல எடுத்தாரு. அடிப்படைக் கதை ஒண்ணுதான். ஆனா சொல்றேன் கேளு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா மலையாளத்துல இருக்கிற அமைதி நம்ம படத்துல இல்ல. அந்தப் பொண்ணோட மனசு உடையுறது அதுல மெதுவா நடக்கும், அவ புருஷன் கண்ணு முன்னாடியே நடக்கும், அவனுக்கே தெரியாது. கடைசியில பார்த்தா பேயே கிடையாது, மனநோய். அதுதான் அதிகமா பயமுறுத்துச்சு எனக்கு. ஜோதிகா நல்லா பண்ணினாங்க, கட்டிலைத் தூக்குற சீன்ல அந்தக் கண்ணு ஒண்ணு போதும். ஆனா ஷோபனா ஷோபனாதான்

பெரியப்பா: இதுல நான் உன் பக்கம்

அருண் அண்ணா: காஞ்சனா? அதையும் வேண்டாம்னு சொல்லிடாதீங்க சித்தி

மீனா சித்தி: சொல்லவே மாட்டேன். 2011ல வந்த அந்தக் காஞ்சனா எனக்கு ரொம்பப் பெரிய படம். லாரன்ஸ் அம்மாவைத் துணைக்குக் கூட்டிட்டுப் போறது, கோவை சரளாவும் தேவதர்ஷினியும் வீட்ல பேய் இருக்கான்னு சோதிச்சுப் பார்க்கிறது, அங்க எல்லாரும் முழு மனசோட பயப்படுறாங்க. கோவை சரளா மாதிரி பயப்பட இன்னைக்கு வரைக்கும் யாரும் இல்ல. அதுக்கு மேல சரத்குமார். அவ்ளோ பெரிய ஹீரோ திருநங்கை வேஷத்துல வந்து, இன்னொரு திருநங்கைப் பொண்ணைத் தத்தெடுத்துப் படிக்க வச்சு டாக்டர் ஆக்குறது, அப்புறம் அவங்களுக்கு நடக்கிற கொடுமை, அங்க நான் அழுதுட்டேன். அதுவரைக்கும் சிரிச்சிட்டிருந்த ஜனங்க அந்த இடத்துல சத்தமே இல்லாம உட்கார்ந்திருந்தாங்க. பேய் வந்ததுக்கு ஒரு நியாயம் இருந்துச்சு. அடுத்தடுத்த பார்ட்டுகள்ல சத்தம் மட்டும்தான் ஏறிக்கிட்டே போச்சு

தீபா: சித்தி சத்தம்னு சொன்னீங்களே, நான் பயமா இருந்தா மியூட் பண்ணிட்டுதான் பார்ப்பேன், பயம் போயிடும்

மீனா சித்தி: பார்த்தியா, நீயே கண்டுபிடிச்சுட்ட. பாதி பயம் காதுலதான் இருக்கு. ஹிட்ச்காக் எடுத்த இங்கிலீஷ் சைக்கோ படத்துல அந்தக் குளியலறை சீனுக்கு மியூசிக்கே வேண்டாம்னுதான் அவர் சொன்னாராம். மியூசிக் போட்ட பெர்னார்ட் ஹெர்மன் கேட்காம வயலின் மாதிரி தந்தி வாத்தியங்களை மட்டும் வச்சு போட்டுக் காட்டினாரு, ஹிட்ச்காக் ஒத்துக்கிட்டாரு. 1960ல வந்த படம், இன்னைக்கும் அந்தக் கீச்சுக் கீச்சு சத்தம் கேட்டா முதுகு சிலிர்க்குது. ரத்தத்துக்குப் பதிலா சாக்லேட் சிரப்தான் ஊத்தினாங்க, கருப்பு வெள்ளைங்கிறதால தெரியல

அருண் அண்ணா: கான்ஜுரிங்னு இங்கிலீஷ் பேய்ப் படத்துல அந்தக் கைதட்டல்!!

மீனா சித்தி: அதேதான்டா. அந்த அம்மா இருட்டுல தீக்குச்சியைக் கொளுத்திப் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க, பக்கத்துல ரெண்டு கை மட்டும் வந்து தட்டும், குச்சி அணைஞ்சிடும். மூஞ்சியும் இல்ல ரத்தமும் இல்ல. அந்தக் கைதட்டல் அதுக்கு முன்னாடி பசங்க கண்ணைக் கட்டி விளையாடினப்ப வந்த அதே கைதட்டல், அதனாலதான் அவ்ளோ பயம். சும்மா திடீர்னு டமால்னு அடிச்சுத் தூக்கிப் போடுறதை நான் பயம்னே ஒத்துக்க மாட்டேன், அது அதிர்ச்சி, பட்டாசு வெடிச்சாக்கூட வரும்

பெரியப்பா: இப்பத்திய படத்துல மம்மூட்டி நடிச்ச பிரமயுகம் பார்த்தியாமா? 2024ல இப்படி முழுக்க கருப்பு வெள்ளையில எடுக்க ஒரு துணிச்சல் வேணும்

மீனா சித்தி: ரெண்டு தடவை பார்த்தேன் மாமா. அந்த மனுஷன் அவசரமே பட மாட்டாரு. உட்கார்ந்து சிரிக்கிறதே போதும், ஓடிடலாமான்னு இருக்கும்

தீபா: எல்லாரும் கதை பேசுறீங்க, படத்தை முடிவு பண்ணுங்க. பீட்சா? யாமிருக்க பயமே? தில்லுக்கு துட்டு?

மீனா சித்தி: பீட்சா பார்க்காதவங்க யாராவது இருந்தா அதைத்தான் சொல்லுவேன், ஆனா எல்லாரும் பார்த்தாச்சு, முடிவு தெரிஞ்சுட்டா அதுல பாதி போயிடும். விஜய் சேதுபதி ஒரு டார்ச்சை மட்டும் வச்சுக்கிட்டு அந்த வீட்டுக்குள்ள சுத்துறது மட்டும் எத்தனை தடவை பார்த்தாலும் நல்லாருக்கும். யாமிருக்க பயமே, அது நல்ல சாய்ஸ், சொத்தா வந்த பழைய பங்களாவை ஹோட்டலாக்கி அப்புறம் மாட்டிக்கிறது, கருணாகரன் பயம் நெஜமான பயம். ஆனா சில பேச்சு பெரியவங்க சின்னவங்க சேர்ந்து பார்க்கிற மாதிரி இருக்காது. தில்லுக்கு துட்டு ஜாலியா போகும். போலிப் பேய் நெஜப் பேய்கிட்ட மாட்டுறது நல்ல ஐடியா, லொள்ளு சபா எடுத்த ராம்பாலாதான் டைரக்டர். ரெண்டாவது பாதி பார்க்கலாம்

மீனா சித்தி: என் ஓட்டு யாவரும் நலம்

அருண் அண்ணா: மாதவன் படம்தானே. அதுல காமெடி இல்லையே

மீனா சித்தி: இல்லைதான். ஆனா எப்பவும் சொல்றேன்ல, 2009ல வந்த அந்தப் படம் மாதிரி வீட்டுக்குள்ள பயத்தைக் கொண்டுவந்த தமிழ்ப் படம் எனக்குத் தெரிஞ்சு ரொம்பக் கம்மி. பாழடைஞ்ச பங்களா இல்ல, புது ஃப்ளாட். பகல் வெளிச்சம். வீட்ல எல்லாரும் மதியம் ஒரு மணிக்கு டிவி சீரியல் பார்ப்பாங்க, அதுல வர்றது அவங்க வீட்லயும் நடக்கும். லிஃப்ட் எல்லாருக்கும் போகும், மாதவன் ஏறினா மட்டும் நகராது, வேற ஆள் கூட ஏறினா போகும். அவ்ளோதான் சீன். பி.சி.ஸ்ரீராம் கேமரா, எல்லாம் பளிச்சுன்னு இருக்கும், ஒளிய ஒரு மூலைகூட இருக்காது. அந்தப் படம் பார்த்து ஒரு வாரம் நான் லிஃப்ட்ல தனியா ஏறல, படிக்கட்டுலதான் போனேன்

அத்தை: மீனா நீ சொல்றதைக் கேட்டாலே எனக்கு உதறுது

பெரியப்பா: விக்ரம் குமார் எடுத்த படம். பேரு கேள்விப்பட்டிருக்கேன், பார்த்ததில்ல. நான் ரெடி

அருண் அண்ணா: சரி நானும் ஓகே. ஆனா அதுக்கு முன்னாடி பாலையா சீனை ஒரு தடவை போட்டுட்டு ஆரம்பிக்கலாமா, அத்தை கொஞ்சம் சிரிச்சுட்டு உட்காருவாங்க

மீனா சித்தி: அருண், இதைவிட நல்ல யோசனை இன்னைக்கு யாரும் சொல்லல

தீபா: முடிஞ்சுது. சனிக்கிழமை எட்டு மணி. முதல்ல பாலையா, அப்புறம் யாவரும் நலம். பத்து நிமிஷம் முன்னாடி மெசேஜ் போடுறேன், எல்லாரும் ஒண்ணா ப்ளே அழுத்தணும்

அத்தை: நானும் வர்றேன், ஆனா எல்லா லைட்டையும் போட்டுட்டுதான் பார்ப்பேன்

மீனா சித்தி: தாராளமா போட்டுக்கோங்க அண்ணி. அந்தப் படமே வெளிச்சத்துலதான் நடக்குது. சத்தத்தை மட்டும் குறைக்காதீங்க

அத்தை: அதைத்தான் குறைக்கலாம்னு இருந்தேன்

மீனா சித்தி: குறைக்காதீங்க அண்ணி. பயமா இருந்தா எனக்கு போன் போடுங்க, நான் லைன்லயே இருக்கேன்