98 மாடல் மாருதி 800-இன் ஹெட்லைட்டும் நான் எரித்த ஒரு ஒயரும்

பழைய காரை வீட்டிலேயே சரிசெய்த அனுபவங்களை இந்தத் திரியில் எனக்கு மேலே எழுதியவர்கள் இன்ஜினையே இறக்கி ஏற்றியிருக்கிறீர்கள். நான் அந்த அளவுக்குப் போனதில்லை. அப்பா வாங்கிய 98 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பழைய கால பாகம்) வண்டி. பதினைந்து வருடம் முடிந்ததும் ஆர்.சி. புதுப்பித்து, அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பித்து இன்னும் ஓட்டுகிறோம். 'வித்துட்டு வேற வாங்கு' என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை.

என் கதை ஹெட்லைட்டில் ஆரம்பிக்கிறது. ஒரு அமாவாசைக்கு ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு இருட்டின பிறகு பொள்ளாச்சிக்குத் திரும்பினோம். வெளிச்சம் அகல்விளக்கு மாதிரி. எதிரே வந்த லாரிக்காரர் எங்களைப் பைக் என்று நினைத்தாரோ என்னவோ, ரோட்டில் எங்களுக்கு விட்ட இடமும் பைக்குக்கு விடுகிற இடம்தான். அம்மா வீடு வரும்வரை வாயே திறக்கவில்லை.

மறுநாளே கடைக்குப் போய் 100/90 வாட் (பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90) பல்பு வாங்கி மாட்டினேன். கம்பெனி கொடுப்பது 60/55. கொஞ்சம் கூடின மாதிரி இருந்தது. இரண்டு மாதத்தில் ஒரு பக்கம் எரியவில்லை. கழற்றினால் பல்பு நன்றாக இருக்கிறது, பின்னால் சொருகும் ஹோல்டர்தான் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வாட் ரோட்டுக்குச் சட்டப்படி ஆகாது என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

எங்கள் தெருவில் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் உண்டு. உருகின ஹோல்டரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "தம்பி, பல்பை விடு. மீட்டர் இருக்கா?" என்றார். முந்நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று வைத்திருந்தேன். கம்பெனி கொடுத்த 60/55 வாட் பல்பையே போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, லைட்டையும் எரியவிட்டு அளந்தோம். பேட்டரியில் 13.9 வோல்ட். பல்பின் காலில் 11.7. நடுவில் 2.2 வோல்ட்டை யாரோ தின்கிறார்கள்.

ஹாலஜன் பல்புக்கு வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறைந்துவிடும். எங்கள் வண்டியில் வோல்ட்டேஜ் இறங்கியதோ பதினைந்து சதவீதத்துக்கும் மேல். அப்படியென்றால் ஏறக்குறைய பாதி வெளிச்சம்தான் ரோட்டுக்குப் போயிருக்கிறது. இதில் வாட்டைக் கூட்டினால் கரண்ட் கூடும், அதே மெல்லிய ஒயரில் இழப்பும் கூடும், ஹோல்டரும் உருகும். நான் செய்தது அதைத்தான்.

அடுத்து அவர் செய்தது எனக்குப் புதிது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸில் வைத்தார், மறு முனையை ஹெட்லைட்டின் எர்த் காலில், அதாவது கரண்ட் வண்டியின் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் காலில். லைட் எரியும்போது அங்கே ஒன்றும் காட்டக் கூடாது, மிஞ்சினால் 0.1. எங்களுக்கு 0.9 காட்டியது. எர்த் ஒயர் பாடியில் பிடிக்கும் போல்ட்டைக் கழற்றினால் அடியில் முழுக்கத் துரு. உப்புத்தாளால் வெள்ளையாகும்வரை தேய்த்து, முறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினோம். பத்து நிமிட வேலை. 11.7 இருந்த இடத்தில் 12.5 வந்துவிட்டது. செலவு ஒரு உப்புத்தாள்.

மிச்சம், ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகச் சுற்றி வரும் நீள ஒயரில் போனது. அதற்கு ரிலே, அதாவது சின்ன கரண்டைக் கொடுத்தால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. 85, 86 என்று எழுதியிருக்கும் கால்கள் ரிலேவை இயக்கும் உள்காயிலுக்கு, பழைய ஹெட்லைட் ஒயர் அங்கே வரும். 30-க்கு பேட்டரியிலிருந்து நேரே தடிமனான ஒயர், 87-லிருந்து பல்புக்கு. இப்போது சுவிட்ச் சுமப்பது காயிலுக்கு வேண்டிய துளி கரண்டை மட்டும். ஆனால் சில ஜப்பானிய வடிவமைப்புகளில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும். யூடியூபில் பார்த்த படத்தை அப்படியே வைத்துச் செய்யாமல், உங்கள் வண்டியில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துவிட்டு ஒயரை வெட்டுங்கள்.

ரிலே வேலையை நான் தனியாகச் செய்தேன். பல்பு காலில் 13.5 வந்தது, ஒரே பெருமை. மூன்று வாரம் கழித்து கோவை உக்கடம் சிக்னலில் நிற்கும்போது ரப்பர் எரிகிற வாடை. பானெட் ஓரத்தில் புகை. டேஷ்போர்டில் கிடந்த 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரி மைனஸைக் கழற்றுவதற்குள் பின்னால் நின்றவர்கள் ஹாரனில் கச்சேரியே நடத்திவிட்டார்கள். ஃபியூஸ் போட்டிருந்தேன், ஆனால் ரிலேவுக்குப் பக்கத்தில். பேட்டரியிலிருந்து ரிலே வரை வரும் ஒயரை ரேடியேட்டர் ஓரத் தகடு அறுத்து ஷார்ட் ஆகியிருக்கிறது. அந்த இடத்துக்கு ஃபியூஸே கிடையாதே! இப்போது பேட்டரி டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், ஒயர் முழுக்க ஸ்லீவ். அண்ணனிடம் இந்தக் கதையை இன்றுவரை சொல்லவில்லை.

இன்னொரு அசட்டுத்தனம். ஸ்பார்க் பிளக் மாற்றுகிறேன் என்று மூன்று ஒயரையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டேன். எது எங்கே என்று தெரியவில்லை, குத்துமதிப்பாக மாட்டினேன். ஸ்டார்ட் ஆகவில்லை, கார்புரேட்டர் வழியாக 'டப்' என்று வெடித்ததில் பக்கத்து வீட்டு நாய் இரண்டு நாள் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. இந்த இன்ஜினில் மூன்று சிலிண்டரும் பற்றவைக்கும் வரிசை 1-3-2. ஒரு ஒயரைக் கழற்றி, அந்த பிளக்கை மாற்றி, மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தால் வரிசையே தெரிய வேண்டியதில்லை.

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் ஹோஸை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு எங்கள் வண்டியில் பம்ப்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே இருந்த பழைய ஹோஸ் பிசுபிசுவென்று ஆகி, வளைத்தால் வெடிப்பு தெரிந்தது. அதற்குக் கீழே சூடான இன்ஜின். டேங்கில் படிந்திருந்த அழுக்கும் கரைந்து வந்து ஃபில்டரை அடைத்ததில், மேடு ஏறும்போது திணறியது. ஹோஸ், கிளிப், ஃபில்டர் மூன்றையும் சேர்த்தே மாற்றினேன். ஹோஸின் மேல் ஆர்9 (எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் வகை) என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்கினேன். இன்ஜின் ஆறின பிறகு, பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் இதில் கை வைக்க வேண்டும்.

பிரேக்கை மட்டும் நான் தொடுவதில்லை. அது மெக்கானிக்கிடம்தான்.

போன மாதம் அதே கோயிலுக்குப் போய்விட்டு அதே இருட்டில் திரும்பினோம். எதிரே வந்த ஒருவர் டிம் அடிக்கச் சொல்லி லைட்டைச் சிமிட்டினார். 'நம்மளையா?' என்று அப்பா இரண்டு தடவை கேட்டார்.

சரி, ஒரு கேள்வி. மழை பெய்தால் முன் இடது பக்கக் காலடியில் தரைவிரிப்புக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறது. கதவு ரப்பரை மாற்றிவிட்டேன், முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கில் தண்ணீர் ஊற்றியும் பார்த்தாயிற்று, அங்கே இல்லை. வைப்பருக்குக் கீழே இருக்கும் தட்டிலிருந்து இறங்குகிறதோ என்று சந்தேகம். டேஷ்போர்டைக் கழற்றாமல் அதைப் பார்க்க வழி கண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?