கை எடுத்தாலே விமானம் இடப்பக்கம் சாய்கிறது, உதவி தேவை

வீட்டுக் கணினியில் விமான சிமுலேட்டர் ஓட்டுகிறேன். மூன்று வாரமாக, செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை 3,000 அடியில் நேராகப் பறக்கவிட்டுக் கையை எடுத்தால் இடது இறக்கை மெல்லத் தாழ்கிறது. இன்ஜினின் முறுக்குவிசையோ என்று இன்ஜினே இல்லாத கிளைடரிலும் பார்த்தேன், அதே கதைதான்.

ஜாய்ஸ்டிக் நான்கு வருடப் பழசு, பொட்டென்ஷியோமீட்டர் (உரசி நகரும் மின்தடை மூலம் அசைவை அளப்பது) வகை. விண்டோஸ் 11. மறுபடி காலிபரேட் செய்தேன், யுஎஸ்பி போர்ட் மாற்றினேன், வேறு கணினியிலும் செருகினேன். சோதனைத் திரையில் கூட்டல் குறி நடுவுக்குச் சற்று இடப்பக்கம் நின்று துடிக்கிறது. டெட் ஸோனை (நடுவில் சிறு அசைவுகளைக் கண்டுகொள்ளாத பகுதி) 10 சதவீதம் வைத்தால் சாய்வு நிற்கிறது. ஆனால் தரையிறங்கும்போது ஓடுபாதையின் நடுக்கோட்டைப் பிடிக்க வேண்டிய அந்த நுண்ணிய அசைவே போய்விடுகிறது. எனக்கு அதுதான் முக்கியம்.

கழற்றிச் சரிசெய்தவர்கள் சொல்லுங்கள்: கான்டாக்ட் கிளீனர் (மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்தால் போதுமா, இல்லை உரசாமல் காந்தத்தால் அசைவை அளக்கும் ஹால் சென்சாருக்குத்தான் மாற வேண்டுமா?