சுங்கை சிப்புட்: ப்ளஸ் 1 பொருளியல் படித்த மகளை எதில் சேர்ப்பது? அவசரம்

கேட்டவர்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் வந்து மூன்று வாரம் ஆகிறது. கணவருக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. மகள் ஊரில் தமிழ் வழியில் பொருளியல் படித்தாள். இங்கே பள்ளியில் விசாரித்தால் படிவம் 4-இல், அதாவது இடைநிலைப் பள்ளி நாலாம் ஆண்டில், உட்கார வேண்டும், எல்லாம் மலாயில்தான் என்கிறார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். ராத்திரியெல்லாம் அழுகிறாள். யாராவது வழி சொல்லுங்கள்.

தோட்டத்துக்காரர்:
தங்கச்சி, இங்கே தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும். அதற்கு மேல் மலாய்தான். பொருளியலை விடுங்கள், முதலில் பிள்ளையை மலாய் வகுப்பில் போடுங்கள். நான் வந்த புதிதில் கோழிக்கடையில் கையை ஆட்டித்தான் கறி கேட்டேன். நாலு மாதம் யாரோடும் பேசவே முடியவில்லை. மொழி வந்தபிறகுதான் மூச்சு வந்தது.

ஈப்போ அம்மா:
மன்னிக்கணும் அண்ணே, இது கோழி வாங்குகிற மலாய் இல்லை. படிவம் 5 முடிவில் எழுதுகிற எஸ்பிஎம் தேர்வுச் சான்றிதழ் கிடைக்க மலாய், வரலாறு இரண்டிலும் தேறியாக வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளை ரெண்டு வருடத்தில் எப்படிச் சமாளிக்கும்? படிவம் 6-க்குப் போகவும் எஸ்பிஎம் வேண்டும். பேசாமல் ஏ லெவலில் சேருங்கள், அது ஆங்கிலத்தில் படிக்கிற பிரிட்டிஷ் முறைப் படிப்பு.

பழைய குடித்தனக்காரர்:
ஏ லெவல் என்று சொல்லிவிடலாம், பணம்? என் பையனைப் பிரத்தியேக வகுப்புக்கு ஈப்போ நகரத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தே ஒரு வருடம் போனது. நாலு மணிக்கு மழை பிடித்தால் பஸ்ஸும் வராது.

தோட்டத்துக்காரர்:
உண்மை. வீட்டு வாடகை, இங்கே தங்குகிற அனுமதி பாஸ் புதுப்பிக்கிற செலவு, எல்லாம் நம் தலையில்.

பொருளியல் ஆசிரியை:
அக்கா, மூன்று விஷயம் சொல்லுங்கள். மகள் ப்ளஸ் 1 முடித்துவிட்டாளா? எந்த பாஸில் வந்திருக்கிறாள்? எத்தனை வருடம் இருப்பீர்கள்?

கேட்டவர்:
சொல்ல மறந்துவிட்டேன், மன்னிக்கவும். ப்ளஸ் 1 தேறிவிட்டாள். டிபெண்டன்ட் பாஸ், அப்பாவைச் சார்ந்து வந்த பிள்ளைக்குக் கொடுப்பது. ஒப்பந்தம் 2 வருடம். பிறகு ஊருக்குத்தான் போவோம், கல்லூரியும் அங்கேதான்.

பொருளியல் ஆசிரியை:
அப்படியென்றால் படிவம் 4-க்குச் சரி என்று சொல்லாதீர்கள். 2 வருடம் கழித்து எஸ்பிஎம்மோடு ஊருக்குப் போனால் திரும்பவும் ப்ளஸ் 1 வாசலில் நிற்பாள். ஏ லெவலுக்கும் 2 வருடம்தான், மலாய் தேவையில்லை. இறுதிநிலைப் பயன்பாடு (கூடுதலாக ஒன்று நுகர்ந்தால் கிடைக்கிற பயன்), உற்பத்திச் செலவு, அங்காடி அமைப்பு எல்லாம் அதில் இரண்டாம் வருடம்தான் ஆழமாக வரும். உங்கள் மகள் அதை ப்ளஸ் 1-லேயே பார்த்துவிட்டாள். கஷ்டம் வேறு இடத்தில். அங்கே விதியை ஒப்பித்தால் போதாது. புள்ளிவிவரம் கொடுத்து, இந்த வாதம் எவ்வளவு தூரம் சரி என்று எழுதச் சொல்வார்கள்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை நோட்டில் ஸ்கேல் வைத்து தமிழ், ஆங்கிலம், மலாய் என்று மூன்று பத்தி போட்டிருந்தாள். தேவை, டிமாண்ட், பெர்மிந்தாஆன். அளிப்பு, சப்ளை, பெனவாரான். வாய்ப்புச் செலவு, ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட், கோஸ் லெபாஸ். தினம் அஞ்சு வார்த்தை. மூன்றாம் மாதம் முதல் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தாள். உங்கள் மகளுக்கு இப்போது முதல் இரண்டு பத்தி போதும்.

உதாரணத்துக்கு எங்கும் போக வேண்டாம். செம்பனை நட்டுக் குலை வெட்ட சுமார் 3 வருடம் ஆகும். இன்றைக்கு விலை ஏறினால் நாளைக்கே குலை கூடிவிடாது. குறுகிய காலத்தில் அளிப்பு நெகிழ்ச்சி, அதாவது விலை மாறினால் அளிப்பு மாறுகிற அளவு, ஏன் குறைவு என்று அப்பாவிடமே கேட்கச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமைக்கு முன்னால், 10-ஆம் வகுப்பு, ப்ளஸ் 1 மதிப்பெண்ணை ஏற்பார்களா என்று ஈப்போவில் விசாரியுங்கள். டிபெண்டன்ட் பாஸிலேயே படிக்கலாமா, மாணவர் பாஸ் வேண்டுமா என்று குடிநுழைவு இலாகாவில் கேளுங்கள். ஊர்க் கல்லூரியில் ஏ லெவல் ப்ளஸ் 2-க்குச் சமம் என்று இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் தரும் சமநிலைச் சான்று கேட்கலாம். அதற்கு எத்தனை பாடம் வேண்டும் என்று பாடம் எடுக்கும் முன்பே பாருங்கள்.

ஈப்போ அம்மா:
பஸ் பற்றிக் கவலைப்படாதீர்கள், எங்கள் பக்கம் ரெண்டு பிள்ளைகள் ஒரே வேனில் போகிறார்கள். டிரைவரிடம் இடம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்கிறேன்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அக்கா. மாற்றுச் சான்றிதழ் ஊரில் மாமனாரிடம் இருக்கிறது. போட்டோ எடுத்து அனுப்பினால் போதுமா?

பொருளியல் ஆசிரியை:
விசாரிக்கப் போட்டோ போதும். சேர்க்கும்போது அசலைத்தான் கேட்பார்கள். நாளைக்கே கூரியரில் போடச் சொல்லுங்கள், மதிப்பெண் பட்டியலையும் சேர்த்து.