லாட்டில் பத்து சதவீதம் மாதிரி எடுப்பது போதாதா?

கேள்வி (மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை, புதுச்சேரி):

வணக்கம். சிரப் பாட்டில்களுக்கு வரும் பிளாஸ்டிக் மூடிகளைச் சோதித்து ஏற்கும் பொறுப்பு என்னுடையது. லாட் 400 மூடிகளாகவும் வரும், 3,000 ஆகவும் வரும். எதுவானாலும் பத்து சதவீதம் எடுத்து, ஒரு பழுது கண்டாலே திருப்பி அனுப்புவது எங்கள் வழக்கம். சென்ற மாதம் இப்படித் தேறிய ஒரு சிறிய லாட்டில், மரையின் அடியில் நகத்தால் தடவினால் மட்டுமே தட்டுப்படும் மயிரிழை வெடிப்புகள் இருந்து, நிரப்பிய பாட்டில்கள் கசிந்துவிட்டன. பெரிய லாட்டுகளோ ஒரு மூடியின் நிறம் மங்கியதற்கே திரும்பிப் போகின்றன. பதினைந்து சதவீதமாக உயர்த்தலாமா?

பதில் (சிப்காட், கடலூர்):

உயர்த்த வேண்டாம், சதவீதக் கணக்கே கோளாறு. நூற்றுக்கு இரண்டு பழுதுள்ள 400 மூடிகளில் 40 எடுத்தால், அந்த லாட் தேறிவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 43 சதவீதம். அதே தரத்தில் 3,000 வந்து 300 எடுத்தால், ஆயிரத்தில் இரண்டு முறைகூடத் தேறாது. நம்மைக் காப்பது பெரும்பாலும் மாதிரியின் எண்ணிக்கைதானே தவிர, லாட்டில் அது எத்தனை பங்கு என்பது அன்று.

மாதிரிச் சோதனைக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2500 முதற்பகுதியின் அட்டவணையைப் பின்பற்றுங்கள். வழக்கமாகப் பயன்படும் பொதுச் சோதனை நிலை இரண்டில், ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு, அதாவது நூற்றுக்கு எத்தனை பழுது வரை பொறுக்கலாம் என்பது) 1.0 என்று கொண்டால், 400-க்கு 50 மூடிகள் எடுத்து ஒரு பழுது வரை ஏற்கலாம். 3,000-க்கு 125 எடுத்து மூன்று வரை ஏற்கலாம். வெடிப்பையும் நிற மங்கலையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். 3,000-இல் வெடிப்புக்கு ஏ.க்யூ.எல். 0.65 வைத்தால் ஏற்பு எண் (மாதிரியில் ஏற்கக்கூடிய அதிகபட்சப் பழுது) இரண்டு, நிறத்துக்கு 2.5 வைத்தால் ஏழு.

கேள்வி கேட்டவர்:

நன்றி ஐயா. ஏ.க்யூ.எல். 1.0 என்றால் அதைவிட மோசமான லாட் உள்ளே வராது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்:

கூடாது. 125-க்கு மூன்று என்ற திட்டத்தில், நூற்றுக்கு ஐந்து பழுதுள்ள லாட்டும் ஏறத்தாழ 12 சதவீத வாய்ப்பில் தேறிவிடும். ஏ.க்யூ.எல். என்பது தொடர்ந்து வரும் லாட்டுகளுக்கான அளவுகோல். ஆகவே அடுத்தடுத்த ஐந்து லாட்டுகளில் இரண்டு தேறாவிட்டால் கடுஞ்சோதனைக்கு மாறுங்கள். மாதிரி அதே 125, ஏற்பு எண் இரண்டாகக் குறையும். தொடர்ந்து ஐந்து லாட்டுகள் தேறிய பிறகே பழைய நிலைக்குத் திரும்புங்கள். மூடிகளை மேல்வரிசைப் பெட்டியிலிருந்து மட்டும் அள்ளாமல், அடிப்பெட்டிகளையும் பிரித்து எடுங்கள்.