கேர்ப்ஸ் ஆட்டத்துக்கு 150 பொயின்ட்ல ஆள் செய்யிறன், குறைபாடு எதை எடுக்கிற?

கல்லடிப்பொடியன்: மச்சான்மார், கேர்ப்ஸ் (GURPS, கதைக்குள்ள ஒராளா நடிச்சு டைஸ் உருட்டி விளையாடுற ஆட்டம்) நாலாம் பதிப்பு விளையாடப்போறம், ஆளுக்கு 150 பொயின்ட், திறமை எடுத்தா செலவாகும், குறைபாடு எடுத்தா திரும்பி வரும். நான் கொம்பட் ரிஃப்ளெக்ஸஸ் (சண்டையில டக்கெண்டு சுதாரிக்கிற திறமை) 15க்கு எடுத்திட்டன், இன்னும் ஆசை இரிக்கு, பொயின்ட் காணாது. கடல் பயம் எடுத்தா 10 திரும்பி வருமாம், கதை முழுக்க மட்டக்களப்பு வாவிக்கரையிலயும் அதுக்கு மேற்கால படுவான்கரையிலயும்தான் நடக்கப்போகுது, அப்ப ஓசிப் பொயின்ட்தானே?

வலைக்காரன்: ஓசி இல்ல மனே. உன்னைக் கஷ்டப்படுத்தாத குறைக்கு ஜீஎம் (ஆட்டத்தை நடத்துறவர்) பொயின்ட் தரக்கூடாது. எங்கட ஆட்டத்தில ஒராள் முன்கோபம் எடுத்தவர், அதுக்கும் 10தான், 3 டைஸ் உருட்டி 12 இல்லாட்டி அதுக்குக் கீழ விழுந்தா வாயை மூடிக்கொண்டு இருக்கலாம், கூடினா வெடிக்கணும். தோணிக்கூலி பேசக்குள்ள 14 விழுந்திச்சு, தோணிக்காரன்ட துடுப்பைப் பிடுங்கித் தண்ணிக்குள்ள எறிஞ்சிட்டார், விடிய விடிய நடைதான் எல்லாருக்கும். இண்டைக்கும் அதைச் சொல்லித்தான் சிரிக்கிற.

களுவாஞ்சியான்: குறைபாட்டால வாறது தொடக்கப் பொயின்ட்ல பாதிக்குள்ள நிக்கட்டும் எண்டு புத்தகத்திலயே இரிக்கு, உனக்கு 75. ஆனா அவ்வளவும் எடுத்தா அது ஆள் இல்ல, ஆஸ்பத்திரி வார்டு. ரெண்டு பெரிசு எடு, மிச்சத்துக்கு குவர்க்ஸ் (சின்னச் சின்ன விசித்திரக் குணங்கள்), ஒண்டுக்கு ஒரு பொயின்ட், 5 வரைக்கும் எடுக்கலாம். என்ட ஆள் வெத்திலை போடாம பேச்சே தொடங்கமாட்டான்.

கல்லடிப்பொடியன்: ஓம், அப்ப முன்கோபம்தான், வீட்டில ப்ரக்டிஸ் நிறைய இரிக்கு. கடலை விட்டுட்டன்.